மவுஸை அணைத்த பிறகு

முதல் நாள் இரவு நான் பறக்கவே இல்லை. ஓடுபாதையிலேயே 11 தடவை செத்தேன். த்ராட்டிலை முழுசாகத் தள்ளுவேன். மெஸ்ஸர்ஷ்மிட் 109 கொஞ்ச தூரம் நேராக ஓடும். பிறகு யாரோ இடது இறக்கையைப் பிடித்து இழுத்த மாதிரி திரும்பும், புல்லில் இறங்கும், இறக்கை நுனி மண்ணில் உரசும், அவ்வளவுதான். எதிரி ஒருத்தன்கூடச் சுடவில்லை. பக்கத்து ஓடுபாதையில் மற்றவர்கள் கிளம்பிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

இதில் வெட்கம் என்னவென்றால், அதற்கு முன்பே 2 வருடமாக அதே ஆட்டத்தை விளையாடியவன் நான். நூற்றுக்கணக்கான விமானங்களைச் சுட்டு வீழ்த்தியதாக என் கணக்கில் பதிவாகியிருந்தது. அன்றைக்குச் செய்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான். மவுஸை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு பழைய ஜாய்ஸ்டிக்கைச் செருகினேன்.

வார் தண்டர் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைஜின் நிறுவனம் 2012-இல் பொதுச் சோதனைக்குத் திறந்துவிட்ட ஆட்டம். இலவசம். இன்று டாங்கி, கப்பல் எல்லாம் வந்துவிட்டன என்றாலும் தொடக்கம் விமானத்தில்தான். ஆர்கேட், ரியலிஸ்டிக், சிமுலேட்டர் என்று 3 வகைப் போர்கள். முதல் இரண்டிலும் ஏறக்குறைய எல்லாரும் மவுஸைத்தான் பிடிப்பார்கள். திரையில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். அதை எங்கே நகர்த்துகிறீர்களோ அங்கே விமானம் போகும். எப்படிப் போவது என்பது உங்கள் கவலை கிடையாது. இறக்கையை எவ்வளவு சாய்க்க வேண்டும், வாலை எவ்வளவு தூக்க வேண்டும், ரடரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதையெல்லாம் உள்ளே ஒருத்தன் பார்த்துக்கொள்கிறான். அவனுக்கு ஆட்டமே வைத்திருக்கும் பெயர் 'இன்ஸ்ட்ரக்டர்'. பயிற்சியாளன். எனக்குத் தெரிந்து எதையுமே சொல்லிக்கொடுக்காத ஒரே பயிற்சியாளன் இவன்தான். மாணவனுக்குப் பதிலாக இவனே பரீட்சை எழுதிவிடுகிறான்.

சிமுலேட்டர் வகையில் அவன் இல்லை. காக்பிட்டுக்குள் இருந்துதான் பார்க்க முடியும். எதிரியின் தலைக்கு மேல் சிவப்பு எழுத்தில் பெயர் தொங்காது. தூரத்தில் தெரியும் ஒரு கறுப்புப் புள்ளி நண்பனா பகைவனா என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். முக்கியமாக, விமானம் நீங்கள் சொன்னதை மட்டும்தான் செய்யும். சொல்லத் தவறியதையும் கணக்கில் வைத்துக்கொள்ளும்.

நான் இங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவன். மூன்றாம் ஆண்டுத் தேர்வில் கைரோஸ்கோப் பற்றி ஒரு கேள்வி வந்தது. பழைய பாடப்புத்தகங்களில் எல்லாம் இருக்கும் கேள்விதான். பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுழலும் புரொப்பெல்லர், விமானம் இடது பக்கம் வளைகிறது, மூக்கு மேலே போகுமா கீழே போகுமா? மேலே. வெக்டர் படம் போட்டு முழு மதிப்பெண் வாங்கினேன். அதே கணக்கை 90 டிகிரி திருப்பிப் போட்டால்தான் நான் 11 தடவை செத்த காரணம் கிடைக்கும். 109 வாலில் சக்கரம் உள்ள விமானம். வேகம் கூடும்போது வால் தரையை விட்டு எழும்பும், அதாவது மூக்கு தாழும். சுழன்றுகொண்டிருக்கும் புரொப்பெல்லரின் அச்சைக் கீழே சாய்த்தால் மொத்த விமானமும் இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். எஞ்சினின் எதிர்முறுக்கும், புரொப்பெல்லர் பின்னால் தள்ளும் சுழல்காற்றும் அதே பக்கத்துக்கு இழுக்கும். போதாததற்கு 109-இன் சக்கரங்கள் நெருக்கமாக அமைந்தவை. உண்மையான போரிலும் ஏறும்போதும் இறங்கும்போதும் விபத்துக்குப் பேர்போன விமானம் அது. இத்தனையும் எனக்குத் தெரியும். தாளில் எழுதச் சொன்னால் இப்போதும் எழுதுவேன். ஆனால் தெரிந்தவன் கைக்கு அது வந்து சேரவில்லை.

கைக்குக் கொண்டுவந்தவர் ஒரு அண்ணன். பெயர் வேண்டாம். பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்தில் தரைத் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் விமானம் ஓட்டியதில்லை, பழுது பார்த்தவர். குரல் அறை ஒன்றில் மலாயும் இங்கிலீஷுமாகப் பேசிக்கொண்டிருந்தபோது நான் தமிழில் ஒரு கெட்ட வார்த்தையை முணுமுணுத்தேன். "தம்பி எந்த ஊரு?" என்று ஒரு குரல் வந்தது. சுங்கை பட்டாணி என்றேன். அப்படித்தான் பழக்கம்.

அவர் சொன்ன முதல் பாடம்: "மூக்கு திரும்புனதுக்கு அப்புறம் மிதிச்சா லேட்டு தம்பி. வால் தூக்கும்போது திரும்பப் போவுதுன்னு தெரியும்ல? அப்பவே மிதி." மிதிக்க எனக்குப் பெடல் கிடையாது. என் ஜாய்ஸ்டிக்கில் பிடியை முறுக்கினால் ரடர் திரும்பும். இதை நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கடைசிவரை "மிதி" என்றேதான் சொன்னார்.

இந்த 'அப்பவே' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மேனுவல் கார் லைசன்ஸ் எடுத்தவர்களுக்குத் தெரியும். தேர்வில் அந்தப் புக்கிட் மேல் வண்டியை நிறுத்திவிட்டு, பாதி கிளட்ச்சில் பிடித்து, பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். சத்தம் மாறுவதைக் காது பிடிக்கிறது, பாதத்துக்கு அடியில் ஒரு சின்ன நடுக்கம் வருகிறது, பிரேக்கை விடலாம் என்று உடம்பு முடிவெடுக்கிறது. என் தங்கை டி.ஏ. லைசன்ஸ் எடுத்தவள், ஆட்டோ மட்டும். நன்றாகவே ஓட்டுகிறாள். என்னைவிடப் பத்திரமாகவும் ஓட்டுகிறாள். ஆனால் அந்த நடுக்கம் என்னவென்று அவளுக்கு விளக்க முடியவில்லை. இதில் பெருமை எதுவும் இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி போய்ச் சேருகிறது. ஆனால் ஓட்டுவது பற்றியே ஒரு ஆட்டம் என்றால்?

அங்கேதான் என் விமர்சனம் தொடங்குகிறது.

ஒரு நாவலைப் பற்றிப் பேசும்போது அதன் மொழியைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டுக் 'கதை நல்லாருக்கு' என்று சொன்னால் இந்த இதழ் வாசகர்கள் சிரிப்பார்கள். வீடியோ கேமைப் பற்றிப் பேசும்போது மட்டும் கட்டுப்பாட்டைத் தனியாகப் பிரித்துவிடுகிறோம். "கேம் சூப்பர், கண்ட்ரோல்தான் கொஞ்சம் கஷ்டம்" என்கிறோம். வார் தண்டரை நான் 2 வருடம் அப்படித்தான் ஆடினேன். விமானங்களின் உடல் அழகாக இருந்தது, ரிவெட்டுகள் தெரிந்தன, எஞ்சின் சத்தம் ஒவ்வொன்றுக்கும் வேறாக இருந்தது. ஆனால் ஸ்பிட்ஃபயருக்கும் 109-க்கும் நான் உணர்ந்த வித்தியாசம், ஒன்று சீக்கிரம் வளையும், இன்னொன்று சீக்கிரம் ஏறும் என்கிற அளவுதான். அட்டையில் அச்சிட்ட எண்கள் மாதிரி. மவுஸை அணைத்த பிறகுதான் அவை இரண்டு தனித்தனி ஆட்களாக ஆயின.

கிரிஃபான் எஞ்சின் ஸ்பிட்ஃபயரை முதலில் எடுத்த நாள் மறக்காது. அதற்குள் மெர்லின் எஞ்சின் ஸ்பிட்ஃபயரில் 2 மாதம் பழகிவிட்டேன். த்ராட்டில், வலது, வால் எழும்புகிறது, இன்னும் கொஞ்சம் வலது, மேலே. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். கிரிஃபானிலும் அதையே செய்தேன். விமானம் நேராக வலப்பக்கம் பாய்ந்து ஹாங்கருக்குள் போய் மோதியது. அண்ணன் சிரித்தார், சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். கிரிஃபானின் புரொப்பெல்லர் எதிர்ப்பக்கம் சுழலும். படித்திருந்தேன். மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. என் மணிக்கட்டுக்கு யாரும் சொல்லவில்லை. இந்த ஒரு தகவலுக்காக ஆட்டத்தை உருவாக்கியவர்களை மனதாரப் பாராட்டினேன். மவுஸ் பிடிக்கும் பெரும்பாலானவர்கள் கவனிக்கவே வாய்ப்பில்லாத ஒன்றை, யாருக்காகவோ சரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று ஸ்பின். வேகம் குறைந்த நிலையில் ஸ்டிக்கை மேலும் மேலும் இழுத்தால் இறக்கை காற்றைப் பிடிக்கும் சக்தியை இழக்கும். அது ஸ்டால். ஒரு இறக்கை முந்திக்கொண்டு ஸ்டால் ஆனால் விமானம் பம்பரம் மாதிரி சுழன்றுகொண்டே விழும். தப்பிக்க வழி உண்டு. த்ராட்டிலை முழுக்கக் குறை, ஸ்டிக்கைப் பக்கவாட்டில் நடுவுக்குக் கொண்டுவா, சுழலும் திசைக்கு எதிராக ரடர், பிறகு ஸ்டிக்கை முன்னால் தள்ளு. அதாவது, தரை சுழன்றுகொண்டு முகத்துக்கு நேராக வரும்போது மூக்கைத் தரையை நோக்கித் தள்ள வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் மைலோ ஆறிக்கொண்டிருக்கிறது, செத்தால் நட்டம் ஒன்றுமில்லை. அப்படியும் கை தள்ள மறுத்தது, இழுத்தது. இழுக்க இழுக்கச் சுழற்சி இறுகியது. தள்ளக் கற்றுக்கொள்ள எனக்கு 3 வாரம் ஆனது. நான் படித்த சில நல்ல சிறுகதைகளுக்குக்கூட என் உடம்புக்குள் அவ்வளவு தூரம் போக முடிந்ததில்லை.

இவ்வளவு நுட்பமாக ஒரு பறக்கும் உலகத்தைக் கட்டியவர்கள் கற்றுக்கொள்பவனை நடத்தும் விதம்தான் எனக்கு எரிச்சல்.

வார் தண்டரில் சாவதற்குச் செலவு உண்டு. தொடக்கநிலை விமானங்களைத் தவிர மற்றதெல்லாம் விழுந்தால் ரிப்பேருக்கு 'சில்வர் லயன்' என்கிற ஆட்டக்காசு கழியும். ஓடுபாதையில் கவிழ்ந்தாலும் கழியும். ஜெயித்தால் காசு, தோற்றால் ரிப்பேர், காசு போதாவிட்டால் பிரீமியம் வாங்கிக்கொள் என்கிற ஏற்பாடு. 2023 மே மாதம் ஆட்டக்காரர்கள் இந்தப் பொருளாதாரத்தை எதிர்த்து ஸ்டீம் தளத்தில் கூட்டங்கூட்டமாகக் கெட்ட மதிப்புரை எழுதினார்கள். நிறுவனம் இறங்கி வந்து மாற்றங்களுக்கு அட்டவணை போட்டது. அன்று பேச்செல்லாம் 'கிரைண்ட்' பற்றித்தான். அடுத்த விமானத்தைத் திறக்க எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும், எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கு. கையில் இருக்கும் விமானத்தை ஒழுங்காக ஓட்டக் கற்பதற்கு எவ்வளவு நேரம் என்ற கேள்வி என் காதில் அதிகம் விழவில்லை. கைக்கு வருமுன்னே அடுத்தது வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தை ஆட்டமே ஊட்டுகிறது.

டெஸ்ட் ஃப்ளைட் இருக்கிறதே, அதில் இலவசமாகப் பழகலாமே என்பார்கள். இருக்கிறது, நல்ல விஷயம். நானும் பழகினேன். ஆனால் அங்கே தனியாகத்தான் பறக்க வேண்டும். மற்றவர்கள் இருக்கும் வானத்தில் பறப்பது வேறு. அங்கே என் தவறு இன்னொருவருக்கும் செலவு. நான் தரையிறங்கப் பழகிய மாதங்களில் அண்ணன் எனக்கு மேலே வட்டமிட்டுக் காவல் இருப்பார். ஸ்பிட்ஃபயரில் இறங்கும்போது மூக்கு முழு ஓடுபாதையையும் மறைத்துவிடும். கடைசிவரை வளைந்தபடியே வந்து, நேராக்கிய சில நொடிகளில் சக்கரம் தொட வேண்டும். நான் பயந்து பயந்து மூன்றாவது சுற்று போவேன். அவர் மேலே வேகம் குறைந்து தொங்கிக்கொண்டிருப்பார், யாராவது வந்து அவரைச் சுட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் அணிக்காரன் ஒருத்தன் எழுத்தில் திட்டினான்: இது பள்ளிக்கூடமா? அண்ணன் பதில் எழுதவில்லை. என்னிடம் மட்டும், "நீ எறங்குனியா இல்லியா?" என்று கேட்டார். இறங்கியிருந்தேன். அந்தக் காவலுக்கு ஆட்டத்தின் மதிப்பெண் பட்டியலில் ஒரு புள்ளியும் இல்லை.

அதைவிட வேடிக்கை 'க்ரூ ஸ்கில்'. விமானிக்குக் கூர்மையான பார்வை, ஜி விசையைத் தாங்கும் உடம்பு, உறுதி என்று தனித்தனி அளவுகோல்கள். ஆடி ஆடிப் புள்ளி சேர்த்து நிரப்பலாம், காசு கொடுத்தும் வேகமாக நிரப்பலாம். திரையில் இருக்கும் பொம்மை விமானிக்கு அனுபவம் ஏறுகிறது. நாற்காலியில் இருப்பவனுக்கு?

என் ஊர்க்காரன் என்பதால் இதில் எனக்கு ஒரு தனிக் கோபமும் உண்டு. 1941 டிசம்பர் 8 காலையில் சுங்கை பட்டாணி விமானத்தளத்தில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. அங்கே ஆஸ்திரேலிய விமானப்படையின் 21-ஆம் ஸ்குவாட்ரன் பிரூஸ்டர் பஃபலோ விமானங்களோடு இருந்தது. அந்தச் சில வாரங்களில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பஃபலோ ஓட்டியவர்களில் பலர் பயிற்சிப் பள்ளி முடித்து நேராக இங்கே அனுப்பப்பட்டவர்கள். எதிரே வந்தவர்களில் பலர் சீனப் போரில் பறந்து பழகியவர்கள். பஃபலோ தகரடப்பா என்று எல்லாரும் சொல்வார்கள். இங்கே பறந்தது எடை கூடிய வகை, நம்ம வெயிலில் எஞ்சினும் சரியாக ஒத்துழைக்கவில்லை, அதெல்லாம் உண்மை. ஆனால் அதன் சகோதர வகையை வைத்துக்கொண்டு ஃபின்லாந்துக்காரர்கள் நன்றாகவே சண்டை போட்டார்கள். ஆட்டத்தில் பஃபலோவின் இரண்டு கதையும் வெறும் எண்களுக்குள் அடங்கிவிடுகிறது. அதன் மதிப்புக்கு ஏற்ற எதிரிகளோடு மட்டுமே ஆட்டம் அதைக் கோத்துவிடும். அந்த மட்டத்தில் அது மோசமான விமானமும் இல்லை. பாதி கற்றவன் முழுக்கக் கற்றவன் முன்னால் போய் நிற்பது என்றால் என்ன என்பதை எந்தப் பஃபலோவும் எனக்குச் சொல்லவில்லை. அதைச் சொன்னது என் முதல் மாதச் சிமுலேட்டர் போர்கள்தான்; அதுவும் ஆட்டம் திட்டமிட்டுச் சொன்னதில்லை.

இப்படியெல்லாம் பேசிப் பேசி, ஒரு கட்டத்தில் நான் மவுஸ்காரர்களை மட்டமாகப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். நவீன கவிதை படிப்பவன் வெகுஜன வாசகனைப் பார்ப்பானே, அந்தப் பார்வை. அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிய ஒரு வருடம் ஆனது.

அண்ணன் போன வருடம் சிமுலேட்டருக்கு வருவதை நிறுத்திவிட்டார். முதலில் நெட் சரியில்லை என்றார். பிறகு ஜாய்ஸ்டிக் கெட்டுவிட்டது என்றார். என்னுடையதைக் கொடுக்கிறேன் என்றேன். அப்புறம்தான் சொன்னார். பல வருடம் ஸ்பேனர் பிடித்த மணிக்கட்டு. முறுக்கினால் இரவெல்லாம் வலிக்கிறது. கண்ணில் ஆப்பரேஷன் ஆன பிறகு தூரத்துப் புள்ளி தெரிவதில்லை. "நீ 2 மணியில வர்றான்னு சொல்ற, எனக்கு வானம் மட்டும்தான் தெரியுது தம்பி." ரியலிஸ்டிக்கில் மவுஸோடு ஆடுகிறாராம். அங்கே பெயர் எழுத்தில் தெரியும், வட்டத்தை நகர்த்தினால் போதும். "இன்ஸ்ட்ரக்டர்தான் இப்ப பைலட்டு. நான் பாசெஞ்சர்."

எனக்கு வந்த முதல் உணர்ச்சி ஏமாற்றம். எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. எனக்கு எதைக் கற்றுக்கொடுத்தாரோ அதை விட்டுவிட்டார் என்று தோன்றியது. சிரமம்தான் இந்த ஆட்டம், அதைக் குறைத்தால் ஆட்டமே இல்லை என்று நான் கட்டி வைத்திருந்த வாதத்துக்குள் அவருடைய மணிக்கட்டுக்கு இடமில்லை. கற்பதற்கான சிரமமும் உடம்பு முடியாத சிரமமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கின்றன.

ஆகவே மவுஸ் இருப்பதைப் பற்றி எனக்கு இனிமேல் புகார் கிடையாது. புகார் வேறு இடத்தில். ரியலிஸ்டிக் வகையில் ஜாய்ஸ்டிக்கும் மவுஸும் ஒரே வானத்தில் பறக்கின்றன, ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன. நான் கை நடுங்கக் குறி வைக்கும்போது வட்டக்காரன் ஊசி முனையில் சுடுகிறான். கஷ்டப்பட்டுக் கற்றவனுக்கு அங்கே கிடைக்கும் ஒரே பரிசு தோல்வி. கற்றதற்கு ஏதாவது அர்த்தம் வேண்டுமானால் ஆள் குறைந்த சிமுலேட்டர் அறைக்குப் போக வேண்டும். நம்ம ஊர் நேரத்தில் அங்கே பல இரவுகள் யாரும் இருப்பதில்லை. கூட ஆட வேண்டும் என்றால் கற்றதை விடு, கற்றதை வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் தனியாகப் பற. இந்தச் சுவரை எழுப்பியது விமானத்தின் இயற்பியல் இல்லை, ஆட்டத்தின் ஏற்பாடு. முறுக்க முடியாத கைக்கு ரடரை மட்டும் பார்த்துக்கொள்ளும் உதவியும், பார்வை மங்கியவருக்குக் கொஞ்சம் பெரிய புள்ளியும் சிமுலேட்டர் அறைக்குள்ளேயே கிடைத்திருந்தால் அவர் வெளியே போயிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். மவுஸ் வட்டத்தில் இன்ஸ்ட்ரக்டர் எல்லாவற்றையும் செய்வான், சிமுலேட்டரில் எதையுமே செய்ய மாட்டான். நடுவில் அண்ணன் மாதிரி ஒருத்தர் செய்வதை அவனால் செய்ய முடியவில்லை.

இப்போது வியாழக்கிழமை இரவுகளில் நான்தான் ரியலிஸ்டிக்குக்கு வருகிறேன், ஜாய்ஸ்டிக்கோடு. அவர் மவுஸ். பெரும்பாலும் எனக்கு முன்னால் அவர் 2 பேரைச் சுட்டுவிடுவார், நான் யாரிடமாவது மாட்டிக்கொள்வேன், அவர் திரும்பி வந்து காப்பாற்றுவார். அணியில் எனக்கு வரும் வசவுகளும் குறையவில்லை.

போன வாரம் கிரிஃபான் ஸ்பிட்ஃபயரை எடுத்தேன். இரண்டு பேரும் ஒரே ஓடுபாதையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். அவருடையது வட்டத்தைப் பார்த்து நூல் பிடித்த மாதிரி நேராக ஓடத் தொடங்கியது. என் வால் எழும்பும் நேரம் பார்த்து, "மிதி" என்றார். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

இடது.